குங்குமம் வைத்த போர்விமானம்

சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அது எழுந்த பிறகுதான் தெரிந்தது.

நாலு மணிக்கு முகத்தைக் கழுவிவிட்டு முன்னறைக்கு வந்தால் பூஜைப் பலகை தயாராக இருக்கிறது. சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் என் தொழில் சாமான் அத்தனையும் வரிசையாக அடுக்கியிருக்கிறாள் என் மனைவி பகவதி. எனக்குத் தொழில் பல்செட் செய்வது. அரங்கள், உப்புத்தாள், மெழுகுக் கத்தி, கிரைண்டர், கொக்கி ஊசிகள், பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கி, அதற்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரஸர் எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம். அரத்துக்கு நெற்றி எது என்று என்னிடம் கேட்காதீர்கள். பகவதி கண்டுபிடித்துவிடுவாள்.

அத்தனைக்கும் நடுநாயகமாக, கதம்ப மாலை போட்டுக்கொண்டு, என் விமானம்.

ஒரு சாண் நீளம். கப்பலிலிருந்து பறக்கிற சீ ஹாரியர் என்ற போர்விமானத்தின் பிளாஸ்டிக் பொம்மை. பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், ஆனால் உங்களுக்குப் புரியவேண்டுமே. அதன் மூக்கில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவே கால்ரூபாய் அளவுக்கு குங்குமம் வைத்திருந்தாள். வலது இறக்கையில் மஞ்சள் தண்ணீர் தெளித்த புள்ளிகள். மூக்கு நுனியில் காற்றின் வேகத்தை அளக்கிற குழலுக்காக நான் ஓர் ஊசியை அரைநாள் தேய்த்துப் பொருத்தியிருந்தேன். அதில் ஒரு செவ்வந்திப் பூ குத்தியிருந்தது.

"ஏட்டி பகவதி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவல் பிசைந்த கையோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஸ்கூட்டருக்கு வச்சாச்சு, மிக்ஸிக்கு வச்சாச்சு. இதும் ஒரு வாகனந்தானே. பாவம், இத மட்டும் விட்டுர முடியுமா?" என்றாள். பூ குத்துவதற்கு வாட்டமாக ஊசிகூட நானே வைத்திருந்ததைப் பாராட்டவும் செய்தாள்.

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுடைய அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருகிறார். பதினொரு வருஷமாக எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அடுத்த வாரம் கனடாவில் இருக்கிற மகளோடு போய்த் தங்கப் போகிறார், திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. அவர் போவதற்கு முன்னால் இந்த விமானத்தை அவர் கண்ணில் காட்டவேண்டும் என்றுதான் மூன்று மாதமாகக் கண் பூத்துப்போக உழைத்திருந்தேன்.

மச்சான் என்றால் சும்மா மச்சான் இல்லை

பெயர் தாணுமாலயன். கடற்படையில் விமான மெக்கானிக்காக இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். அதில் பாதிக்காலம் விமானந்தாங்கிக் கப்பலில். ஓய்வு பெற்றதும் கன்னியாகுமரியில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கொட்டாரத்தில். பஸ்ஸில் ஏறி, உட்கார இடம் தேடுவதற்குள் அவர் ஊர் வந்துவிடும்.

எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் இரண்டு பேரையும் கோவாவுக்கு வரச்சொல்லி எழுதினார். மற்றவர்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று போனார்கள். நாங்கள் தேனிலவுக்கு விமானதளம் போனோம். குடும்பத்தார் பார்ப்பதற்கென்று ஒருநாள் உள்ளே விட்டார்கள்.

வெயிலில் ஒரு மைதானத்தின் ஓரம் நிற்கிறோம். தூரத்திலிருந்து ஒரு விமானம் தாழ்வாக வந்தது. வரவர வேகத்தைக் குறைத்தது. இன்னும் குறைத்தது. எங்களுக்கு நேர் எதிரே வந்து, வயலுக்கு மேலே பருந்து நிற்கிறதே அந்த மாதிரி, அந்தரத்தில் அசையாமல் நின்றது. நின்றுகொண்டு கூட்டத்தைப் பார்த்து மூக்கை ஒருதரம் தாழ்த்தி வணக்கம் வேறு வைத்தது. பிறகு அப்படியே நேராகக் கீழே இறங்கி உட்கார்ந்தது. பகவதி காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தத்துக்கு அழுதாளா சந்தோஷத்துக்கு அழுதாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அப்போது எங்கிருந்தோ முழங்கைவரை எண்ணெயும் கரியுமாக ஓடிவந்தார் மச்சான். "மாப்ளே, பாத்தீரா? அது எனக்க ஏர்கிராப்டாக்கும்" என்றார். ஓட்டியது வேறு யாரோ ஓர் அதிகாரி. ஆனால் அது அவருடைய விமானம் என்பதில் அன்றைக்கு எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அத்தனையையும் கண்ணால் பார்த்த நான்தான் பின்னாளில் அந்தப் பேச்சைப் பேசினேன்.

அறுபதாம் கல்யாணத்தில் நடந்தது

என் சித்தப்பா மகன் ஒருமுறை துபாயிலிருந்து வரும்போது தைலம், பேரீச்சம்பழம், டார்ச் லைட்டு எல்லாவற்றோடும் ஓர் அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தான். மேலே சீ ஹாரியர் படம். உள்ளே சின்னச்சின்னதாக எண்பதோ தொண்ணூறோ பிளாஸ்டிக் துண்டுகள். நீ பல்லு ஒட்டுகவன்தானே, இதை ஒட்டு என்று கொடுத்துவிட்டுப் போனான். அது பரணில் போய் அடைந்தது. தேநீர் நிறத்துக்கு மாறிப்போன அந்தப் பெட்டி, மச்சானின் அறுபதாம் கல்யாணத்துக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தபோதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு வாரத்தில் ஒட்டினேன். பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் சொன்னபடியே ஒட்டினேன், பெட்டியில் இருந்த நிறத்தையே அடித்தேன். எனக்குப் பரம திருப்தி.

மண்டபத்தில் பந்தி நடக்கிறது. அடைப்பிரதமன் பாயசம் முடிந்து மோர் வருகிற நேரம். சொந்தக்காரர்கள் அத்தனைபேர் முன்னாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சான் கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

கப்பலில் என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அவருக்கு. ரகசியம் சொன்னாலே மூன்று பந்திக்குக் கேட்கும். "இது வெள்ளக்காரனுக்க ஏர்கிராப்டுல்லா மாப்ளே. எங்க நெறம் இது இல்ல. மூக்கு வளைஞ்சிருக்கு. பொக வருக நாலு கொழலும் நாலு தெசைய பாக்கு. இது கெளம்புனா நேரா கடலுக்குத்தான்" என்றார்.

மண்டபமே சிரித்தது. அவர் என்னைக் கேவலப்படுத்தச் சொல்லவில்லை, அது இன்றைக்குத் தெரிகிறது. அவர் விமானத்தைப் பார்த்தால் குறையைத்தான் பார்ப்பார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் நான் இந்தத் தாலுகாவில் பாதிப்பேர் வாய்க்குப் பல் செய்து கொடுத்தவன். பொருந்தவில்லை என்று ஒரு வாய் வந்து சொன்னதில்லை. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

"நீரு ஏர்கிராப்டக் கழுவிட்டு நின்ன ஆளுதானே வே. ஓட்டுன ஆளு மாதிரிப் பேசாதயும்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மச்சான் விமானத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். எழுந்து உள்ளே போனார். நான் விமானத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வாக்கியத்தைச் சொன்ன வாயைப் பலநாள் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பல்லெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு விசேஷ வீடுகளில் பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம். தவிர்க்கமுடியாமல் ஒரே அறையில் இருக்க நேர்ந்தால் பகவதி வழியாகப் பேச்சு. ஒங்க அண்ணனுக்குக் காப்பி வேணுமான்னு கேளு என்பேன், அவர் இரண்டடி தூரத்தில் இருப்பார். வேண்டாம்னு சொல்லு என்பார். அந்த மனுஷனுக்கு இந்த வயசிலும் முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல். அதுவும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். ஒரு பல் விழுந்திருந்தால்கூட என்னைத் தேடி வந்திருக்கவேண்டியதுதானே.

ஸ்பீக்கர் போன்

அவர் கனடா போகிற செய்தி வந்த அன்றைக்குப் பகவதி சமைக்கவில்லை. மறுநாள் சமைத்தாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து சொன்னாள்: "போறதுக்கு முன்ன நீங்க ரெண்டுபேரும் நேருக்கு நேரே ஒரு வார்த்தை பேசணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் அதைக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்று எனக்குச் செய்முறை தெரியாது. எனக்குத் தெரிந்தது அரமும் உப்புத்தாளும். பழைய விமானத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். மண்டபத்தில் அவர் சொன்ன ஒவ்வொரு குறையையும் நேர்செய்து அவர் முன்னால் வைத்துவிடுவது. அவர் பார்ப்பார். குறை ஒன்றும் இருக்காது. நான் வாய் திறக்காமலே அவருக்குப் புரிந்துவிடும். இதுதான் திட்டம்.

திட்டத்தில் ஒரு சிக்கல். சரியான நிறம் என்ன, சக்கரம் உள்ளே போகிற குழி எப்படி இருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவருக்குத்தான் தெரியும். அவரோடு நான் பேசுவதில்லை.

எனவே பகவதி அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். விசா விஷயம், கம்பளிச் சட்டை விஷயம் எல்லாம் பேசிவிட்டு, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, அண்ணே அந்த சக்கரம் உள்ள போகுமில்லா, அந்தக் குழிக்கு என்ன கலரு என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி திரும்பி வந்தது.

"ஏட்டி, ஒனக்கு என்னத்துக்கு அது?"

டிவியில் பார்த்தேன் என்றாள். என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. குழிக்கு வெள்ளைதான், ஆனால் வெள்ளையாக இருந்து தான் பார்த்ததில்லை, எண்ணெய் கசிந்து கசிந்து ஓரமெல்லாம் தேயிலைச் சாயம் மாதிரி ஆகிவிடும் என்று சொன்னார். பகவதி பலசரக்கு எழுதுகிற நோட்டில் துவரம்பருப்புக்குக் கீழே அதை எழுதிக்கொண்டாள்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். நேற்றைக்கு ஒன்று சொல்ல விட்டுப்போச்சு என்றார். புகை வருகிற இடத்தில் சிலபேர் கரியாகக் கறுப்பு அடித்து வைத்துவிடுவார்கள், அது தப்பு, அங்கே ஒரு தவிட்டு நிறம்தான் வரும் என்றார். சிலபேர் என்று அவர் சொன்னது யாரை என்று எனக்குத் தெரியும். அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். ஒருநாள் நான் அடக்கமாட்டாமல் இருமிவிட்டேன். உடனே ஸ்பீக்கரில், அங்க யாரோ இருமுகாரு, இஞ்சி தட்டி தேன்ல குடுக்கச் சொல்லு என்று வந்தது.

இரண்டு வாரத்தில் பகவதி தேறிவிட்டாள். நான் இறக்கைக்கு அடியில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நின்று, அண்ணன் சொன்ன நெறம் இது இல்ல, இதவிட செத்த மங்கல் என்பாள். கடைசியாக விமானத்தின் நம்பர் கேட்டோம். எந்த நம்பர் போடுவது என்று கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை. மூன்று இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லிவிட்டு, எழுதிக்கிட்டியா, வாசி என்றார். அவள் வாசித்தாள். வேறு எதுவும் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

பல்லுக்காரன் வேலை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த விமானத்தைக் கூர்ந்து பார்த்தபோது மச்சான் மண்டபத்தில் தாட்சண்யம் பார்த்துத்தான் பேசியிருக்கிறார் என்று தோன்றியது. இறக்கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு பயறு போகும். தகடுகளின் இணைப்பு நிஜத்தில் பள்ளமான கோடாக இருக்கவேண்டும். இந்தப் பழைய பொம்மையில் அது நரம்பு மாதிரி புடைத்துக்கொண்டு இருந்தது. விமானி உட்காரும் இடத்தின் மேல்கூடு மங்கிப்போய்ப் பழைய புட்டி நிறத்தில் கிடந்தது.

கோடுகளை எல்லாம் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். பல்லில் சொத்தை இருக்கிறதா என்று குத்திப்பார்க்கிற கொக்கி ஊசி இருக்கிறதே, அதை வைத்து ஒவ்வொரு கோடாகத் திரும்பக் கீறினேன். இறக்கை இடுக்கில் செயற்கைப் பல்லுக்கான பொடியையும் திரவத்தையும் குழைத்து அடைத்தேன். ஆகவே அந்தப் போர்விமானத்துக்குள் இப்போது ஏறத்தாழ மூன்று முன்பல் இருக்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு தகடு செய்து மாட்டிவிடுவோம். அதே தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் இழுத்து, புதிய மேல்கூடு செய்தேன். மாத்திரை அட்டையின் தாளைக் கீறி விமானிக்கு இடுப்புவார் கட்டினேன்.

இதற்கிடையில் வாய்கள் காத்திருந்தன. புதுக்கடைப் பக்கம் மீன் விற்கிற ஓர் அம்மாள் கீழ்செட்டுக்கு மூன்றுதடவை நடந்தாள். மூன்றாவது தடவை மேசையில் விமானத்தைப் பார்த்துவிட்டாள். "பல்லுக்காரரே, சாளையக் கடிக்க முடியாம நான் கஞ்சி குடிச்சிட்டுக் கெடக்கேன். நீரு விளையாடிட்டா இருக்கீரு?" என்று கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சரி, அத முடிச்சிட்டு எனக்குத் தாரும் என்று போய்விட்டாள். அவளுக்கும் தம்பியோடு பேச்சு இல்லையாம்.

பூஜைக்கு முதல்நாள் எல்லாம் முடிந்தது. பளபளப்பில்லாத சாம்பல் நிறம் அடித்து, நம்பர் எழுதி, நாலு குழலும் ஒரே திசையைப் பார்க்க நிறுத்தி வைத்தேன். குறை சொல்ல ஓர் இடம் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் மறுநாள் மத்தியானம் தூங்கினேன்.

நாளைக்கு வாரும்

பளபளப்பில்லாத பெயிண்ட் எது பட்டாலும் குடித்துவிடும். பகவதி அடுக்களைக்குப் போனதும் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தேன். சந்தனம் போயிற்று. குங்குமம் போகாமல் பரவிற்று. கொஞ்சநேரத்தில் மூக்கு முழுக்க ஒரு ரோஜா நிறம். அந்த நிறத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தைந்து வருஷமாகக் கலக்குகிறேன். ஈறு நிறம்.

தேய்த்து எடுத்துத் திரும்பப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. பலகையிலிருந்து ஓர் உப்புத்தாளை எடுக்கக் கைநீட்டினேன். "பூஜைல வச்சத நாளைக் காலைல எடுக்க நேரம் வரது வரைக்கும் தொடப்பிடாது" என்றாள் பகவதி. ஒரேயொரு துண்டு உப்புத்தாள்தானே என்றேன். அதற்குத்தான் முதல் பொட்டு வைத்தேன் என்றாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. மூன்று மாதம் பொய் சொல்லிப் பாடுபட்டவள் அல்லவா. ஆனாலும் சரஸ்வதியிடமிருந்து பிடுங்கி எடுக்கமாட்டாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். ஹார்டுவேர் கடைவாசலில் இரண்டுபக்கமும் வாழை கட்டி, தராசுக்கு மாலை போட்டு, கடைக்காரர் வேட்டி மாற்றி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு உப்புத்தாள் கட்டு அடுக்கியிருந்தது. ஒன்று தாரும் என்றேன். எல்லாம் பூஜையிலயாக்கும், நாளைக்கு வாரும் என்று பொரியை நீட்டினார். பெயிண்ட் கடைக்காரர் வீட்டிலும் இதே பதில். வொர்க்‌ஷாப்பில் பையன்கள் லாரிக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். மொத்த ஊரிலும் அன்றைக்கு ஓர் ஆணி அடிக்க ஆள் கிடையாது. கடற்கரைப் பக்கம் போனால் பூஜை இல்லாத கிறிஸ்தவர்களின் கடை திறந்திருக்கும்தான். ஆனால் உப்புத்தாள் கிடைத்து என்ன செய்ய? பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கி பலகையில் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறதே.

பொரியைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

பத்து மணி என்றால்

காலண்டரில் போட்டிருந்த நல்ல நேரம் எட்டேகால். தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதச் சொன்னாள். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் எழுதியதில்லை. தீபாராதனை முடிந்ததும் உப்புத்தாளைப் பறித்துக்கொண்டு ஓடினேன். மூக்கையும் வலது இறக்கையையும் தேய்த்து எடுத்து, துப்பாக்கியைப் பூட்டி, பெயிண்ட் அடித்து முடிக்கும்போது ஒன்பது இருபத்தைந்து. தொடும்படி காய இரண்டுமணி நேரம் வேண்டும். விமானத்தை முன்னறை மேசையில் வைத்து, தூசி விழாமல் பலகாரம் மூடுகிற வலைக்கூடையால் மூடிவைத்தேன்.

கடற்படைக்காரர்களுக்குப் பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் வேலையறைக்குள் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வீரம் அவ்வளவுதான்.

அவர் உட்கார்ந்து, பகவதி கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஒனக்க மாப்பிள்ளை இல்லியா என்று கேட்டார். இருக்காரு என்றாள் அவள். சரி, இருக்கட்டும் என்றார். காப்பி எடுத்துவருகிறேன் என்று அவள் அடுக்களைக்குப் போனாள்.

அவர் எழுந்துபோய்க் கூடையைத் தூக்கினார்.

திரையிடுக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியை மாட்டினார். முட்டி இரண்டும் சடக்கென்று சத்தம்போடக் குந்தி, சக்கரத்தின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார். குழிக்குள் எட்டிப்பார்த்தார். ஒவ்வொரு குழலாக விரலை நீட்டி, தொடாமல், எண்ணினார். பிறகு நம்பரிடம் வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். உதடு அசைந்தது. மூன்று இலக்கத்தை மனசுக்குள் படிக்கிறார் என்று தெரிந்தது.

ஒரு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். அன்னைக்கு நான் பேசுனத மனசுல வச்சுக்கிடாதயும் மச்சான் என்று. கண்ணாடி முன்னால் சொல்லிப்பார்த்ததும் உண்டு. இதுதான் நேரம் என்று திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. மாட்டின் முதுகில் கை வைப்பார்களே, அந்த மாதிரி உள்ளங்கையை விரித்து வலது இறக்கைக்குக் கொண்டுபோனார்.

"மச்சான், கைய எடும். பெயிண்டு காயல்ல" என்றேன்.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இது.

பிந்திவிட்டது. கையை எடுத்தார். கட்டைவிரலில் சாம்பல் நிறம். இறக்கையில் ரேகை ரேகையாக முழுப் பெருவிரல். அடுக்களையில் டம்ளர் சத்தம் நின்றது. அவர் விரலைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தப்பு எம்மேலதான் மாப்ளே" என்றார். "கேக்காமத் தொட்டுட்டேன்."

மூன்று பந்திக்குக் கேட்கிற அந்தத் தொண்டை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. நான் மூன்று மாதம் சுற்றிவளைத்தும் சொல்லமுடியாத வார்த்தையை அவர் ஒரு பெயிண்ட் கறைக்காகச் சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. தயார்செய்த வாக்கியம் மறந்துபோயிற்று.

"இல்ல மச்சான், தப்பு எனக்கது. மண்டபத்துல ஒம்ம கழுவுன ஆளுன்னு..." அதற்குமேல் வரவில்லை.

"கழுவுன ஆளுதானே" என்றார். "உப்புக்காத்துல நிக்க ஏர்கிராப்டாக்கும். தெனம் நல்லதண்ணி விட்டுக் கழுவல்லேன்னா அரிச்சுத் தின்னுரும். ஓட்டுகவன் திரும்பி வரமாட்டான்." நம்பரைக் காட்டினார். "இவன நான் கழுவுன மாதிரி ஒருத்தனும் கழுவுனதில்ல. அதச் சொல்லணும்னு அன்னைக்கே நெனச்சேன். கோவத்துல வாய் வரல்ல."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பழந்துணி ஒண்ணும் செத்த தின்னரும் தாரும் என்றார். கொண்டுவந்தேன். துணியை விரலில் சுற்றி, தின்னரில் தொட்டு, தன் ரேகையை இறக்கையின் முன்னோரத்திலிருந்து பின்னோரத்துக்கு ஒரே போக்கில் துடைக்க ஆரம்பித்தார். நான் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டாதயும் என்றார்.

பகவதி காப்பியோடு வாசலில் வந்து நின்றவள் உள்ளே வரவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. இரண்டுபேரும் அதைக் கேட்கவில்லை.

துடைத்து முடித்து, குனிந்து, இன்னொருதரம் அடியில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"மாப்ளே, சொன்னா கோவிக்கப்பிடாது. டயரு இப்பிடி உருண்டையா இருக்காது. அத்தன பாரம் மேல நிக்குல்லா. தரையத் தொடுக எடத்துல கொஞ்சம் அமுங்கி இருக்கணும்."

பகவதி என்னைப் பார்த்தாள். நான் அரத்தை எடுத்துவந்து அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"எவ்வளவு அமுங்கணும் மச்சான்?" என்று கேட்டேன். நேராக அவரிடமே கேட்டேன்.